42ஆம் நாளுக்குப் பிறகு தாய் யாருடைய பொறுப்பு?

முன்னேஸ்வரத்தில் ஒரு பெண் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்றால் அந்தச் செய்தி அதிக நாள் வீட்டுக்குள் தங்குவதில்லை. பகுதி மிட்வைஃபின் பதிவேட்டில் ஏறிவிடும். முதல் மூன்று மாதம் முடியுமுன் கிளினிக்குக்கு அழைத்து உயரம் பார்க்கிறார்கள், நிறை பார்க்கிறார்கள், பிரசர் பார்க்கிறார்கள், இரத்தம் எடுக்கிறார்கள். எல்லாம் கர்ப்பிணி அட்டையில் எழுதப்படுகிறது. மாதத்துக்கு மாதம் நிறை எப்படி ஏறுகிறது என்று குறிப்பதற்கு அந்த அட்டையில் ஒரு கோட்டுப்படமே இருக்கிறது. பிள்ளை பிறந்து வீடு வந்ததும் மிட்வைஃப் தேடி வருகிறார். முதல் 10 நாளுக்குள் இரண்டு தடவை, மூன்றாவது கிழமைக்குள் ஒரு தடவை, 42ஆம் நாளை ஒட்டி இன்னொரு தடவை என்பது ஏற்பாடு. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து படிப்படியாகக் கட்டியெழுப்பப்பட்ட முறை இது. பிள்ளைப்பேற்றில் தாய் இறப்பது இலங்கையில் இவ்வளவு குறைந்திருப்பதற்கு வீடு வீடாக நடந்த இந்தப் பெண்களே முக்கிய காரணம். அதை முதலில் நன்றியோடு சொல்லிவிட வேண்டும்.

42ஆம் நாள் கழிந்ததும் தாயின் கணக்கு மூடப்படுகிறது.

அதன் பிறகு கிளினிக்கில் அவளுக்கு இருக்கும் இடம் குழந்தையைத் தூக்கி வருபவள் என்பதுதான். குடும்பத் திட்டத்துக்காக ஏதாவது கேட்பார்கள், எழுதுவார்கள். அவளுடைய நிறை, இடுப்புச் சுற்றளவு, சீனி, பிரசர் இவற்றை முறையாகப் பார்க்க அரசு அவளை மறுபடி அழைப்பது 35 வயதில், சுகவனிதையர் கிளினிக்குக்கு. ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களும் 35ஐத் தாண்டியவர்களையே முதலில் எதிர்பார்க்கின்றன. ஆபத்து உள்ள இளையவர்களும் வரலாம் என்பார்கள். நிறையே பார்க்காத ஒருத்திக்குத் தான் ஆபத்தில் இருப்பது எப்படித் தெரியும்? 24 வயதில் முதல் பிள்ளை பெற்றவளுக்கு இடையில் 11 ஆண்டுகள் போகின்றன. அந்த 11 ஆண்டுகளுக்குள்தான் அவள் இரண்டாவது பிள்ளையைப் பெறுகிறாள். முதல் பிள்ளையோடு ஏறிய நிறை இறங்காமலே இரண்டாவதின் நிறையும் அதன்மேல் ஏறுகிறது. சீனியும் பிரசரும் சத்தமில்லாமல் வந்து சேர்கின்றன. அந்த இடைவெளியைப் பற்றிய முறைப்பாடுதான் இது.

முன்னேஸ்வரம் என்றதும் வெளியூரார் நினைப்பது கோயிலைத்தான். சிவனும் வடிவாம்பிகையும் காளியும் ஒரே வளவில். ஆவணியில் 28 நாள் திருவிழா. தமிழரும் சிங்களவரும் ஒன்றாக நேர்த்தி வைக்கும் இடம். கோயிலுக்குப் பின்னால் உள்ள ஊரையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சிலாபம் நகரை ஒட்டிய கலப்பு ஊர் இது. சுற்றிலும் தென்னந்தோட்டங்கள், தும்பு ஆலைகள், இறால் பண்ணைகள். விடியற்காலை புத்தளம் வீதியில் நீர்கொழும்பு, கட்டுநாயக்கா பக்கம் போகும் பஸ்களில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள். வீட்டில் இருப்பவர்களும் சும்மா இருப்பதில்லை. ஓலை பின்னுகிறார்கள், திருவிழாக் காலத்தில் கடை போடுகிறார்கள். வடக்கே கொஞ்சத் தூரத்தில் உடப்பு, மீன்பிடித் தமிழர்களின் ஊர். இங்குள்ள தாய்மாருக்கு நேர்வது நாடு முழுவதும் நேர்வதுதான். மொழியால் இவர்களுக்கு ஒரு சுமை கூடுதல். அதற்குப் பின்னர் வருகிறேன்.

நாடு முழுவதும் என்ன நேர்ந்தது என்பதற்கு இரண்டு கணக்குகள் போதும். 2006-07இல் எடுத்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட திருமணமான பெண்களில் 31 வீதமானோர் தேவைக்கு மிஞ்சிய நிறையோடு இருந்தார்கள். 16 வீதமானோர் மெலிந்திருந்தார்கள். 2016இல் அதே ஆய்வில் நிறை மிஞ்சியவர்கள் 45 வீதம், மெலிந்தவர்கள் 9 வீதம். பத்தே ஆண்டுகள். நம்முடைய தாய் சேய் நலத் திட்டங்கள் எல்லாம் பட்டினிக்கும் மெலிவுக்கும் எதிராக வகுக்கப்பட்டவை. 1973இல் தொடங்கிய திரிபோஷ சத்துமா அப்படித்தான் வந்தது. 2015இல் தொடங்கிய கர்ப்பிணிகளுக்கான போசாக்குக் கொடுப்பனவும் அப்படித்தான் வந்தது. அவை தேவை. இன்றும் மெலிந்த தாய்மார் இருக்கிறார்கள், இரத்தசோகை உள்ள தாய்மார் இருக்கிறார்கள். நிறை மிஞ்சிய தாய்க்கே இரத்தசோகையும் இருப்பது இப்போது சாதாரணம். சோறு நிறைய, சத்துக் குறைய உண்டால் இரண்டும் சேர்ந்தே வரும். காலம் மாறியதைத் திட்டம் இன்னும் கவனிக்கவில்லை.

உடம்பு ஏறினால் என்ன, பிள்ளை பெற்றவள் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால் அழகுதானே என்று கேட்பவர்கள் உண்டு. நான் அழகைப் பற்றிப் பேசவில்லை. மெலிந்திருப்பதுதான் அழகு என்று தாய்மாரை வாட்டும் பேச்சை நான் வெறுக்கிறேன். விஷயம் அடுத்த பிள்ளையின் உயிரைப் பற்றியது, தாயின் கண்ணையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பற்றியது. 2006இல் சுவீடனில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட தாய்மாரின் முதல் இரண்டு கர்ப்பங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டுக்கும் இடையில், உயரத்தோடு நிறையை ஒப்பிடும் உடல் நிறைச் சுட்டெண் 3 அலகு ஏறியவர்களுக்கு இரண்டாம் கர்ப்பத்தில் பிரசர், சீனி, குழந்தை வயிற்றிலேயே இறத்தல் ஆகிய மூன்றின் ஆபத்தும் கூடியது. முதலில் குண்டாக இல்லாதவர்களுக்கும் அப்படித்தான். 3 அலகு என்றால் 152 சென்ரிமீற்றர் உயரமுள்ள நம் ஊர்ப் பெண்ணுக்கு ஏறத்தாழ 7 கிலோ. நம் வீடுகளில் ஏழு கிலோவை யாரும் ஒரு பொருட்டாகக் கூட எடுப்பதில்லை.

நமக்கு ஆபத்துத் தொடங்கும் இடமும் வெள்ளைக்காரரை விடத் தாழ்வானது. ஆசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் 2004இலேயே சொல்லிவிட்டார்கள். அதே 152 சென்ரிமீற்றர் பெண்ணுக்கு அது 53 கிலோ. 64 கிலோவை எட்டினால் அதிக ஆபத்து. பெண்ணின் இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது. இந்த மூன்று எண்களைத் தெரிந்து வைத்திருக்கும் தாய் நம் ஊரில் எத்தனை பேர்? யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

கர்ப்ப காலத்தில் சீனி வந்து போனவர்களின் கதை இன்னும் கவலைக்குரியது. 24 முதல் 28 கிழமைக்குள் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துச் சோதிக்கிறார்கள், நன்றாகவே கவனிக்கிறார்கள். பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் சீனி இறங்கிவிடுகிறது. ‘அது பிள்ளையோட வந்தது, பிள்ளையோட போயிட்டு’ என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். போகவில்லை. கர்ப்ப காலத்தில் சீனி வந்தவளுக்குப் பின்னாளில் நிரந்தரச் சீனி வருத்தம் வரும் ஆபத்து, வராதவளை விடக் கிட்டத்தட்ட 10 மடங்கு. ஆறாவது கிழமையில் மறுபடி சோதிக்க வேண்டும், பின்னர் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும் என்பது வைத்தியர்களுக்குத் தெரிந்த விதி. ஆறு கிழமைப் பிள்ளையோடு, தையல் ஆறாத உடம்போடு, வெறும் வயிற்றில் வந்து இரண்டு மணி நேரம் காத்திருக்க ஒருத்தியால் எப்படி முடியும்? தூக்க ஆள் வேண்டும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும். வராமல் போனவளைத் தேடிப் போக யாரும் இல்லை. 2018-19இல் நடந்த தேசிய ஆய்வில் இலங்கையின் வளர்ந்தோரில் 23 வீதமானோருக்குச் சீனி இருப்பது தெரியவந்தது. அந்தக் கூட்டத்துக்குள் போகும் வழிகளில் ஒன்று இந்தக் கவனிக்கப்படாத கதவு.

இனி வீட்டுக்குள் வருவோம். கிளினிக்கை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது.

பிள்ளை பிறந்ததும் நம் வீடுகளில் துடக்கு 31 நாள். சரக்கு அரைத்துக் கொடுப்பார்கள், வேது வைப்பார்கள், பத்தியக் கறி வைப்பார்கள். இந்தப் பத்தியத்தில் நல்லது நிறைய இருக்கிறது. முருங்கையிலை, உள்ளி, இஞ்சி, மிளகு, சின்ன மீன், பால்சுறாப் புட்டு. வறுமையிலும் தாய்க்கு முதல் பங்கு கிடைக்க வேண்டும் என்று வகுத்த ஒழுங்கு அது. அதை அப்படியே தூக்கிக் கடலில் போடச் சொல்லும் படித்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பத்தியத்தோடு ஒட்டிக்கொண்ட விலக்குகள்தான் தொல்லை. தக்காளி குளிர்ச்சி, பூசணி குளிர்ச்சி, வாழைப்பழம் சளி, கீரை மந்தம் என்று ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து எடுக்கிறார்கள். தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும் என்று தாகத்தோடு வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. கடைசியில் தட்டில் மிஞ்சுவது ஒரு குவியல் சோறு, நல்லெண்ணெயில் பொரித்த முட்டை, கொஞ்சம் கருவாடு. பால் கொடுக்கிறாள், நிறையச் சாப்பிட வேண்டும் என்று அந்தச் சோற்றையே இரண்டாவது தடவையும் போடுகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் மா டின்னும் பிஸ்கட்டும் கொண்டு வருகிறார்கள். இரவில் பிள்ளை எழும்பும்போதெல்லாம் பசி எடுக்கும். கையெட்டும் தூரத்தில் இருப்பது அந்த பிஸ்கட்.

பால் கொடுக்கும் தாய்க்கு நாளுக்குக் கூடுதலாக வேண்டியது ஏறத்தாழ 500 கலோரி. ஒரு சின்னக் கோப்பைச் சோறு, ஒரு துண்டு மீன், ஒரு கரண்டி பருப்பு, ஒரு பழம். அவ்வளவுதான். இரண்டு பேருக்குச் சாப்பிடுவது என்ற பேச்சுக்கு அடியில் இருக்கும் கணக்கு இவ்வளவுதான் என்று தெரிந்தால் ஆச்சிமாரே தட்டை மாற்றிவிடுவார்கள். அவர்கள் பிடிவாதக்காரர்கள் இல்லை, பேரப்பிள்ளைக்குப் பால் வற்றிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள். தேநீரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் 50 கிராம். ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாப்பாட்டை மாற்றாமல் தேநீரில் சீனியை மட்டும் பாதியாக்கினாலே ஒரு மாற்றம் தொடங்கும்.

2022ஐயும் மறக்க முடியாது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை முந்திய ஆண்டை விட 94.9 வீதம் ஏறியிருந்தது. முட்டை, மீன், பருப்பு, பால்மா எல்லாம் கைக்கெட்டாமல் போயின. வயிற்றை நிரப்ப மிஞ்சியது சோறு, பாண், கோதுமை மா ரொட்டி. விலை ஓரளவு இறங்கிய பிறகும் அப்போது பழகிய தட்டு பல வீடுகளில் அப்படியே இருக்கிறது. ஒரு தாய் உடம்பு போட்டிருப்பதைப் பார்த்து ‘நல்லாச் சாப்பிடுறா போல’ என்று சொல்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மலிவான சாப்பாடுதான் உடம்பைப் போட வைக்கிறது. கடற்கரையை ஒட்டி வாழும் நமக்கு ஒரு வசதி உண்டு: சாளை, சூடை, நெத்தலி. பெரிய மீனை விட மலிவு, முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். வளவில் முருங்கையும் வல்லாரையும் அகத்தியும் இருக்கின்றன. கிளினிக்கில் இந்த ஊர்ச் சாப்பாட்டை வைத்துப் பேசினால் தாய்மார் கேட்பார்கள். ஓட்ஸும் ஒலிவ் எண்ணெயும் எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள்.

கேட்க வெட்கப்படும் கேள்விகள் வேறு. சிசேரியனுக்குப் பிறகு வயிறு ஏன் இப்படித் தொங்குகிறது? இருமினால் சிறுநீர் கசிகிறதே, இது சரியாகுமா? வயிற்றைச் சீலையால் இறுக்கிக் கட்டலாமா? கர்ப்பத்தில் நடுவயிற்றுத் தசைகள் விலகும், இடுப்படித் தசைகள் தளரும். சரியான மூச்சுப் பயிற்சியாலும் இடுப்படித் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியாலும் பெரும்பாலும் தேறும். தெரியாமல் இணையக் காணொளியைப் பார்த்து எழுந்து எழுந்து படுக்கும் வயிற்றுப் பயிற்சியைத் தொடங்கினால் விலகல் மோசமாகலாம். கருத்தடைக்காக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் டெப்போ ஊசி சிலருக்கு நிறையைக் கூட்டும் என்பதும் தாய்மாருக்கு முன்கூட்டியே சொல்லப்பட வேண்டிய செய்தி. சொல்லாமல் விட்டால், உடம்பு போட்டதும் அவர்கள் யாரிடமும் கேட்காமல் ஊசியை நிறுத்துகிறார்கள். தயாராகுமுன் அடுத்த கர்ப்பம் வந்து நிற்கிறது. ஊசிக்குப் பதிலாக லூப் உண்டு, வேறு வழிகளும் உண்டு. பேசினால் தெரியும்.

பேச யாரும் இல்லாத இடத்தில் வியாபாரிகள் பேசுகிறார்கள். ‘இரண்டு கிழமையில் பத்துக் கிலோ’ என்று கைபேசியில் வரும் தூளும் தேயிலையும் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இதய ஆபத்துக்காக 2010இல் பல நாடுகள் சந்தையிலிருந்து எடுத்த சிபுட்ரமின் என்ற மருந்து, ‘மூலிகை’ என்று சொல்லி விற்ற மெலிவு மருந்துகளில் மறைத்துக் கலக்கப்பட்டிருந்தது பல தடவை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பால் கொடுக்கும் தாய் குடிப்பது பிள்ளைக்கும் போகும். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் பதியாத எதையும் வாங்காதீர்கள்.

மொழிக்கு வருகிறேன். முன்னேஸ்வரத்துத் தமிழ்த் தாய்க்குச் சிங்களம் தெரியும். சிலாபம் சந்தையில் பேரம் பேசத் தெரியும், பஸ்ஸில் சண்டை பிடிக்கத் தெரியும். சந்தைச் சிங்களம் வேறு, தன் உடம்பின் அந்தரங்கத்தை ஒரு வைத்தியரிடம் சொல்லும் சிங்களம் வேறு. உள்ளே நோவதை இரண்டு சொல்லில் முடித்துக்கொண்டு அவள் எழுந்து வந்துவிடுகிறாள். சிங்கள மிட்வைஃபுகள் பலர் அன்பானவர்கள், சைகையாலும் அரைகுறைத் தமிழாலும் சமாளிக்கிறவர்கள். குறை அவர்களுடையது இல்லை. தமிழ் 1987இலேயே அரசகரும மொழியாகிவிட்டது. கலப்பு ஊர்களுக்குத் தமிழ் தெரிந்த மிட்வைஃபை அனுப்பாமல் இருப்பதும், சுவரொட்டியையும் துண்டுப் பிரசுரத்தையும் ஒரு மொழியில் மட்டும் ஒட்டிவிட்டுப் போவதும் மேலே இருக்கிறவர்களின் பொறுப்பு.

இதற்கெல்லாம் பரிகாரம் இருக்கிறது. பெரும்பகுதிக்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், வெளிநாட்டு உதவியும் வேண்டாம்.

குழந்தைக்கு இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஊசி. பிறகு 9ஆம் மாதம், 12ஆம் மாதம், 18ஆம் மாதம், மூன்று வயது. நம் தாய்மார் ஊசி நாளைத் தவறவிடுவதில்லை. தடுப்பூசி போடுவதில் இந்த நாடு உலகத்துக்கே முன்மாதிரி. அந்த ஏழு நாளிலும் தாய் தன் காலால் நடந்து கிளினிக்குக்கு வருகிறாள். அங்கே கர்ப்பிணிகளை நிறுக்கும் தராசு இருக்கிறது. பிரசர் பார்க்கும் கருவி இருக்கிறது. ஒரு அளவுநாடா வாங்கினால் போதும். குழந்தையை நிறுத்ததும் தாயையும் நிறுங்கள், இடுப்பை அளவிடுங்கள், பிரசர் பாருங்கள். குழந்தையின் வளர்ச்சிப் புத்தகத்தில் தாய்க்கு என்று ஒரு பக்கம் சேருங்கள். அதில் முதல் வரியாகக் கர்ப்பிணி அட்டையில் இருக்கும் முதல் மூன்று மாத நிறையை எடுத்து எழுதுங்கள். அதுதான் அவள் திரும்பிப் போக வேண்டிய இடத்தின் அடையாளம். குழந்தை பிறந்த அன்றே ஏறத்தாழ 5, 6 கிலோ இறங்கிவிடும். மிச்சம் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மெல்ல இறங்க வேண்டும். 9ஆம் மாத ஊசிக்கு வரும்போதும் இறங்கவில்லை என்றால் அன்றே அவளை ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்துக்கு எழுதி அனுப்பலாம். 35 வயது வரை காத்திருக்கத் தேவையில்லை.

கர்ப்பத்தில் சீனி வந்தவளுக்கு ஆண்டுச் சோதனையையும் இப்படியே கட்டிவிடலாம். குழந்தையின் 12ஆம் மாத ஊசி எந்த நாளோ, தாயின் சீனிச் சோதனையும் அதே கிழமை. தேதியை அந்தப் புத்தகத்திலேயே எழுதிவிட்டால் வீட்டில் யாராவது ஞாபகப்படுத்துவார்கள்.

மிட்வைஃபுக்கு ஏற்கெனவே சுமை தாங்க முடியாதது என்று சுகாதாரத் துறையில் சொல்வார்கள். உண்மை. ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்பது வகுத்த கணக்கு. வெற்றிடம் நிரப்பாத இடங்களில் ஒருவரே இரண்டு பகுதியைச் சுமக்கிறார். வெற்றிடங்களை நிரப்புவது மாகாணத்தின் கடமை, அதை விட்டுக்கொடுக்க முடியாது. நிரப்பும் வரையிலும் நிறுப்பதை மிட்வைஃபே செய்ய வேண்டும் என்றில்லை. நிறை பார்க்கும் நாட்களில் உதவிக்கு நிற்கும் தொண்டர்கள், தாய்மார் ஆதரவுக் குழுப் பெண்கள் நிறுத்து எழுதலாம். மிட்வைஃபிடம் போக வேண்டியது எண்ணில் சிவப்பு விழுந்தவர்கள் மட்டும்.

பிரதேச சபைக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கிழமைக்கு 150 நிமிட நடை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கே நடப்பது? நடைபாதை இல்லாத வீதியில் லொறியும் முச்சக்கரவண்டியும் உரசிக்கொண்டு போகின்றன. மாலை ஆறரைக்கு இருட்டு, நாய்கள். தனியாக நடக்கும் பெண்ணைப் பார்த்து ‘வீட்டுல வேலை இல்லையா’ என்று கேட்க ஆள் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் 28 நாளும் வெளிச்சமாக, சுத்தமாக இருக்கும் கோயிலைச் சுற்றிய வீதிகளை மற்ற நாட்களிலும் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் பெண்கள் பிள்ளைகளோடு நடக்க ஏற்றதாக வைத்திருங்கள். நான்கு விளக்கு, இரண்டு வாங்கு, நாய்களுக்கு ஒரு ஏற்பாடு. தமிழ்ப் பெண்ணும் சிங்களப் பெண்ணும் சேர்ந்தே நடப்பார்கள். நேர்த்தி வைக்கச் சேர்ந்து வருகிறவர்கள்தானே.

தொழிற்சாலைக்குப் போகும் தாய்க்குச் சட்டம் 84 நாள் விடுமுறை தருகிறது. குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை நாளில் இரண்டு தடவை பாலூட்டும் நேரமும் மகப்பேற்று நன்மைகள் சட்டத்தில் இருக்கிறது. கட்டுநாயக்காவில் வேலை, முன்னேஸ்வரத்தில் பிள்ளை என்றால் அந்த நேரத்தில் பால் எப்படிக் கொடுப்பது? குறைந்தபட்சம் பால் கறந்து குளிரில் வைக்க ஒரு அறை வேண்டும். தொழில் திணைக்களம் அதைப் பரிசோதிக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்கும் வரை தாய் என்ன செய்வது? முதல் ஆறு கிழமை நிறையைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஆறட்டும், பால் இறங்கட்டும். பிறகு கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறக்க முயல வேண்டாம். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் பால் கொடுக்கும், நிறை மிஞ்சிய தாய்மாரிடம் பார்த்தார்கள். அளவான உணவாலும் நடையாலும் அந்த வேகத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகள் போலவே வளர்ந்தார்கள். பட்டினி கிடக்க வேண்டாம். தட்டில் சோற்றைக் குறைத்துக் கீரையையும் மரக்கறியையும் அந்த இடத்தில் வையுங்கள், பருப்போ மீனோ முட்டையோ ஒன்று கட்டாயம். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். அடிவயிற்றில் நோவு, இரத்தப்போக்கு, மூச்சு வாங்கல், கால் வீக்கம், எதிலும் மனம் ஒட்டாத துயரம் இவற்றில் ஏதாவது இருந்தால் நடைப் பயிற்சிக்கு முன் வைத்தியரைப் பாருங்கள். கணவன்மாருக்கும் ஒன்று: இரவில் ஒரு தடவையாவது பிள்ளையை நீங்கள் தூக்குங்கள். தூக்கம் கெட்ட உடம்பு சீனியையும் சோற்றையும் தேடும். அவளுடைய நிறையில் உங்கள் பங்கும் இருக்கிறது. அவள் உடம்பைக் கேலி செய்வதை இன்றோடு நிறுத்துங்கள்.

சிலாபம் சுகாதார வைத்திய அதிகாரியும் புத்தளம் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரும் மனம் வைத்தால் ஊசி நாளில் தாயை நிறுக்கும் ஏற்பாட்டை ஒரு கிளினிக்கில் தொடங்கி ஒரு வருடம் பார்த்துவிடலாம். தாய்மாருக்கு ஒரு வார்த்தை. கர்ப்பிணி அட்டையைப் பழைய தாளோடு எறியாதீர்கள். அடுத்த ஊசி நாளில் அதையும் கொண்டு போங்கள். ‘மிஸ், என்னையும் ஒருக்கா நிறுத்துப் பாருங்க, பிள்ளையின்ட புத்தகத்துல எழுதித் தாங்க’ என்று கேளுங்கள். முடியாது என்றால், உங்கள் கோரிக்கையைத் தமிழிலேயே எழுதி நாலைந்து தாய்மார் சேர்ந்து கையெழுத்திட்டு சுகாதார வைத்திய அதிகாரியிடம் கொடுங்கள். அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் அதற்குத் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உள்ள உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது.